அத்தியாயம் 7: விபிஎன் இணைந்தும் ஷேர் ஃபோல்டர் திறக்காதபோது

விபிஎன் வழியாக ஷேர் ஃபோல்டர் திறக்க மூன்று விஷயங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே பாதை இருக்க வேண்டும். அந்தப் பாதையின் முடிவில் உள்ள கணினியில் போர்ட் 445 திறந்திருக்க வேண்டும். கேட்பவருக்கு அந்த ஃபோல்டரைப் பார்க்கும் அனுமதி இருக்க வேண்டும். பழுது பார்க்கும்போதும் இதே வரிசைதான். பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றிப் பார்த்த பிறகு போர்ட்டே மூடியிருந்தது தெரியவருவதும், ஃபயர்வாலை முழுக்க அணைத்த பிறகு பாஸ்வேர்டுதான் தவறு என்று தெரியவருவதும் வரிசை தப்பியதால் நேர்பவை.

திருநெல்வேலி வட்டாரத்தில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் சிறு தொழில்களில் தேவைப்படுகிறது. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சி அப்பளத் தயாரிப்பு, பேட்டைத் தொழிற்பேட்டைப் பட்டறை என எங்கும் கோப்புகள் தொழில் நடக்கும் இடத்திலேயே ஒரு கணினியில் இருக்கும். கணக்குப் பார்ப்பவர் பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ இருப்பார். கணினித் துறைக்கென்று தனி ஆள் இருக்கமாட்டார். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட இடத்தில், விண்டோஸ் 10 அல்லது 11 கணினியே சர்வராக இருக்கும் நிலைக்காக எழுதப்பட்டது. வலையில் இணையும் தனிக் கோப்புச் சேமிப்பான நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் முதல் இரண்டு பகுதிகள் அப்படியே பொருந்தும்.

விளக்கத்துக்கு, கோப்புகள் அம்பாசமுத்திரத்து ஆலையிலும் கணக்காளர் பாளையங்கோட்டையிலும் இருக்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆலையின் உள்வலை 10.47.18.0/24. கோப்புகள் உள்ள கணினியின் முகவரி 10.47.18.10. விபிஎன் வழியாக வருபவர்களுக்குக் கிடைக்கும் முகவரிகள் 10.99.0.0/24. பாளையங்கோட்டைக் கணினிக்குக் கிடைத்தது 10.99.0.2. கட்டளைகள் எல்லாம் இங்கே ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்ச வேண்டும்.

## தெரிந்திருக்க வேண்டிய போர்ட்டுகள்

இன்றைய விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குத் தேவை டிசிபி 445 ஒன்றே. எஸ்எம்பி என்னும் நெறிமுறை அதில்தான் ஓடுகிறது. டிசிபி 139, யுடிபி 137, 138 ஆகியவை பழைய நெட்பயாஸ் முறைக்கு உரியவை. விபிஎன்னுக்குள் அவற்றைத் திறக்கத் தேவையில்லை. 'நெட்வொர்க்' பட்டியலில் பக்கத்துக் கணினிகளைக் காட்டுவது யுடிபி 3702 வழியாக நடக்கும் அறிவிப்பு. அந்த அறிவிப்பு ஒரே வலைக்குள் மட்டும் சுற்றும், ரவுட்டரைத் தாண்டாது. எனவே பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு 'நெட்வொர்க்' பட்டியலில் ஆலைக் கணினி தெரியவில்லை என்றால் அது பழுதே இல்லை. முகவரியை நேரடியாகத் தட்டித் திறக்க வேண்டும்.

விபிஎன்னுக்கு அதற்கென்று தனி போர்ட் உண்டு. வயர்கார்டு வழக்கமாக யுடிபி 51820, ஓபன்விபிஎன் யுடிபி 1194, எல்2டிபி யுடிபி 500, 4500 ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றன. இணையத்தை நோக்கி ரவுட்டரில் திறக்க வேண்டியது இவற்றில் தங்கள் விபிஎன்னுக்கு உரியதை மட்டுமே.

எச்சரிக்கை: ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் 445-ஐ ஒருபோதும் திறக்கக் கூடாது. "கொஞ்ச நேரம் சோதித்துப் பார்க்க" என்றும் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்னும் கணினிப் புழு, இந்த போர்ட்டின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகள் உலகமெங்கும் பூட்டப்பட்டன. இந்தியாவில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் மேற்கு வங்க மின்விநியோக அலுவலகங்கள் சிலவும் அதில் சிக்கின. பல இணைய நிறுவனங்கள் 445-ஐத் தங்கள் பக்கத்திலேயே தடுத்துவைத்திருப்பதும் இத்தகைய தாக்குதல்களால்தான்.

இதிலிருந்து பழுதுபார்ப்புக்கும் ஒரு தெளிவு கிடைக்கிறது. விபிஎன்னுக்குள் செல்லும் 445 இணைய நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாது. வெறும் மறையாக்கப்பட்ட பொட்டலமாகவே தெரியும். ஆகவே விபிஎன் சரியாக இணைந்த பிறகும் 445 திறக்காவிட்டால், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிப் பயனில்லை. தடை இரு முனைகளில் ஒன்றில் இருக்கிறது.

## தொடங்கும் முன்

1. திரையில் வந்த பிழை எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' கட்டளையோடு \\10.47.18.10\ என்று தொடங்கி ஷேர் பெயரைச் சேர்த்துத் தட்டினால் எண் தெளிவாகக் கிடைக்கும்.
2. ஆலையில் உள்ள வேறொரு கணினியிலிருந்து அதே ஃபோல்டரைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கேயும் திறக்கவில்லை என்றால் விபிஎன்னைத் தொடவே வேண்டாம்.
3. கோப்புகளின் காப்பு நகல் ஒன்று தனி டிஸ்கில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

பிழை எண்ணே பாதி வழியைக் காட்டிவிடும்.

53, அல்லது 80070035 என்று முடியும் எண்: கணினியை எட்டவே முடியவில்லை. பாதையிலோ போர்ட்டிலோ பெயரிலோ சிக்கல்.

67: பெரும்பாலும் கணினி கிடைத்துவிட்டது, ஷேர் பெயர் தவறு.

5: போர்ட் திறந்திருக்கிறது, பாஸ்வேர்டும் சரி, அனுமதி இல்லை.

1326: பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு.

1219: அதே சர்வருக்கு ஏற்கெனவே வேறு பயனர் பெயரில் ஓர் இணைப்பு திறந்திருக்கிறது.

64: இணைப்பு கிடைத்து நடுவில் அறுந்தது.

5, 1326, 1219 ஆகியவற்றில் எது வந்தாலும் பாதையும் போர்ட்டும் சரியாக இருக்கின்றன என்று பொருள். நேராக அனுமதிப் பகுதிக்குப் போகலாம்.

## பாதையைச் சோதித்தல்

1. விபிஎன் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா? வயர்கார்டில் 'ஆக்டிவ்' என்று பச்சையாகத் தெரிவதை நம்பக் கூடாது. எதிர்முனை அணைந்திருந்தாலும் அது அப்படித்தான் காட்டும். 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரி இருக்கிறதா, 'ரிசீவ்டு' எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்ட்ஷேக் வரி இல்லையென்றால் விபிஎன் பாதை இன்னும் அமையவில்லை.

2. இரு முனைகளிலும் ஒரே முகவரி வரிசை இருக்கிறதா? இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகக் காணப்படும் காரணம் இதுதான். ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிகள் பலவும் உள்வலைக்கு 192.168.1.1 என்ற முகவரியுடன் வருகின்றன. ஜியோ ஃபைபர் பெட்டிகள் 192.168.29.1 உடன் வருகின்றன. ஆலையிலும் வீட்டிலும் ஒரே நிறுவன இணைப்பு இருந்தால் இரண்டு வலைகளுக்கும் ஒரே எண் வரிசை அமைந்துவிடும். பாளையங்கோட்டைக் கணினி 192.168.29.10-ஐத் தேடும்போது தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் பக்கம் திரும்பாது. 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை இரு முனைகளிலும் ஓட்டி, முதல் மூன்று எண்கள் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்தால் ஆலையின் உள்வலையை மாற்ற வேண்டும். வீட்டு வலையை மாற்றுவது தற்காலிகத் தீர்வே. நாளை இன்னொருவர் இன்னொரு வீட்டிலிருந்து இணையும்போது அதே சிக்கல் திரும்ப வரும். புதிய வரிசையாக 10.47.18 போல யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத எண்களை வைப்பது நல்லது. மாற்றும்போது பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர் போன்றவற்றுக்குக் கையால் கொடுத்த முகவரிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

3. ஆலை வலைக்குப் போகும் வழி பதிவாகியிருக்கிறதா? 'ரூட் பிரிண்ட்' கட்டளையின் விடையில் 10.47.18.0 என்ற வரி இருக்க வேண்டும். வயர்கார்டில் இந்த வரி 'அலௌடு ஐபிஸ்' பகுதியிலிருந்து வருகிறது. அங்கே விபிஎன் வரிசையான 10.99.0.0/24 மட்டும் இருந்து 10.47.18.0/24 விடுபட்டிருந்தால் விபிஎன் இணையும், ஆலைக் கணினி கிடைக்காது.

4. திரும்பி வரும் வழி இருக்கிறதா? விபிஎன் சர்வர் ஆலையின் ரவுட்டரிலேயே ஓடினால் இதைப் பற்றிக் கவலையில்லை. தனிக் கணினியிலோ ராஸ்ப்பெரி பையிலோ ஓடினால், ரவுட்டருக்கு 10.99.0.0/24 எங்கே இருக்கிறது என்று தெரியாது. சர்வர் அனுப்பும் பதில் இணையத்தை நோக்கிப் போய்த் தொலைந்துவிடும். ரவுட்டரில் 'ஸ்டாட்டிக் ரூட்' ஒன்றைச் சேர்த்து, அந்த வரிசைக்கான பொட்டலங்களை விபிஎன் கணினிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். விபிஎன் கணினியில் 'ஐபி ஃபார்வர்டிங்' இயங்க வேண்டும்.

ஹேண்ட்ஷேக்கே வரவில்லை என்றால் ஆலை ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஆலைக்குப் பொது முகவரி கிடைக்கவில்லை. நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து யாரும் அங்கே நுழைய முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் பலிக்காது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குவது ஒரு வழி. டெயில்ஸ்கேல் போல இரு முனைகளும் வெளியே போய்ச் சந்திக்கும் சேவையைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. டெயில்ஸ்கேல் தன் கணினிகளுக்கும் இதே 100 வரிசை முகவரிகளைக் கொடுக்கும். அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது ரவுட்டரின் வெளிமுகவரியை.

குறிப்பு: பிங் கட்டளைக்குப் பதில் வராததை வைத்து மட்டும் பாதை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட்டு 445-ஐ விட்டிருக்கலாம். ஆலை ரவுட்டரை, அதாவது 10.47.18.1-ஐப் பிங் செய்தால் நம்பகமான பதில் கிடைக்கும்.

## போர்ட்டைச் சோதித்தல்

பவர்ஷெல்லைத் திறந்து இந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும்:

டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 10.47.18.10 -போர்ட் 445

கடைசி வரியில் 'டிசிபி டெஸ்ட் சக்சீடட்' என்பதற்கு எதிரே 'ட்ரூ' என்று வந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். 'ஃபால்ஸ்' என்று வந்தால் கீழே உள்ளவற்றைச் சர்வர் கணினியில் அமர்ந்து செய்ய வேண்டும். வெளியூரில் இருந்தால் ஆலையில் ஒருவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

1. 'நெட்ஸ்டாட் -ஏஎன்' கட்டளையின் விடையில் 445-க்கு எதிரே 'லிசனிங்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'சர்வர்' என்ற சேவை நின்றுபோயிருக்கிறது. அதைத் தொடங்கி, 'ஆட்டோமேட்டிக்' என்று அமைக்க வேண்டும்.

2. சர்வர் கணினியின் வலை 'பிரைவேட்' ஆக இருக்கிறதா, 'பப்ளிக்' ஆக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய ரவுட்டர் வைத்தால் விண்டோஸ் அதைப் புதிய வலையாகக் கருதி 'பப்ளிக்' என்று அமைத்துக்கொள்வது வழக்கம். அப்போது கோப்புப் பகிர்வு மூடிக்கொள்ளும். நேற்று வரை வேலை செய்தது இன்று நின்றுபோனது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

3. 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' திரையில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலுக்குப் போய் 'ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் (எஸ்எம்பி-இன்)' என்ற விதியைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இதே பெயரோடு 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்ற சொல் சேர்ந்த விதியும் இருக்கும். விதி இயக்கத்தில் இருப்பது மட்டும் போதாது.

4. அந்த விதியின் 'ஸ்கோப்' தாவலில் 'ரிமோட் ஐபி அட்ரஸ்' பகுதியைப் பார்க்க வேண்டும். 'பிரைவேட்' வலைக்கான விதியில் அங்கே 'லோக்கல் சப்நெட்' என்று மட்டும் இருக்கும். ஆலைக்குள் உள்ள கணினிகள் அனைத்தும் அதே சப்நெட். அவற்றுக்கு ஃபோல்டர் திறக்கும். விபிஎன் வழியாக வருபவரோ 10.99 வரிசையிலிருந்து வருகிறார். அவரை ஃபயர்வால் ஓசையில்லாமல் தடுத்துவிடும். ஆலையில் திறக்கிறது, பாளையங்கோட்டையில் திறக்கவில்லை, ரவுட்டர் பிங்குக்குப் பதில் வருகிறது என்ற மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இந்தத் தாவலில்தான் இருக்கும்.

5. அங்கே 'ஆட்' பொத்தானை அழுத்தி 10.99.0.0/24 என்று சேர்க்க வேண்டும். 'எனி ஐபி அட்ரஸ்' என்று மாற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் பிறகு யாராவது ரவுட்டரில் தவறுதலாக ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் தடுக்க எதுவும் மிஞ்சாது. விபிஎன் வரிசையை மட்டும் அனுமதிக்க ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவாகும்; அதைச் செலவிட வேண்டும்.

6. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும். கே7, குவிக் ஹீல் போன்றவற்றின் முழுப் பாதுகாப்புத் தொகுப்புகளில் தனி ஃபயர்வால் உண்டு. அது இயங்கும்போது விண்டோஸ் ஃபயர்வாலில் செய்த மாற்றத்துக்குப் பலன் தெரியாமல் போகலாம். நம்பகமான வலைகளின் பட்டியலில் 10.99.0.0/24-ஐ அங்கேயும் சேர்க்க வேண்டும்.

பொதுவான தவறு: காரணத்தை அறிய ஃபயர்வாலை முழுக்க அணைத்துப் பார்ப்பது. அணைத்தவர் மறந்துபோவார், கணினி மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதே விவரத்தை ஃபயர்வால் பதிவேட்டிலிருந்து பெறலாம். ஃபயர்வாலின் 'பிராப்பர்ட்டீஸ்' திரையில் 'பிரைவேட் புரொஃபைல்' தாவலுக்குப் போய், 'லாகிங்' பகுதியில் 'லாக் டிராப்டு பேக்கெட்ஸ்' என்பதற்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். பிறகு பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முறை முயன்றுவிட்டு, பதிவுக் கோப்பில் 10.99.0.2 என்ற முகவரியையும் 445 என்ற எண்ணையும் தேட வேண்டும். 'டிராப்' என்ற வரி இருந்தால் தடுப்பது விண்டோஸ் ஃபயர்வால். வரியே இல்லையென்றால் பொட்டலம் அந்தக் கணினி வரை வரவில்லை. பாதைப் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

## பெயர் வேலை செய்யவில்லை, முகவரி வேலை செய்கிறது

ஆலைக்குள் கணினிப் பெயரால் திறப்பவர்கள் வெளியூரிலும் அதையே தட்டுவார்கள். ஆலைக்குள் அந்தப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது வலை முழுக்கக் கேட்கும் ஒரு கூவல். அது விபிஎன்னைத் தாண்டி வராது. \\10.47.18.10 என்று முகவரியைத் தட்டினால் திறக்கும். பெயரே வேண்டுமென்றால் வெளியூர்க் கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் முகவரியையும் பெயரையும் ஒரே வரியில் எழுதி வைக்கலாம். இரண்டு வழிக்கும் சர்வரின் முகவரி மாறாமல் இருப்பது அவசியம். ரவுட்டரின் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' பகுதியில் அதை நிலைப்படுத்த வேண்டும்.

## அனுமதி, பாஸ்வேர்டு

இங்கே நடக்கும் தவறுகள் சிலவே, திரும்பத் திரும்ப நடப்பவை.

தினமும் கணினியைத் திறக்கப் பயன்படும் நான்கு இலக்க பின், ஷேர் ஃபோல்டருக்குச் செல்லாது. அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டே வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை விண்டோஸ் வலை வழியாக உள்ளே விடாது. இரண்டுக்கும் நல்ல தீர்வு, சர்வர் கணினியில் பகிர்வுக்கென்றே சாதாரண நிலைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டு கொடுப்பது. வெளியூரிலிருந்து இணையும்போது பயனர் பெயரைக் கணினிப் பெயருடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: கணினிப் பெயர், பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர்.

அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது. 'ஷேரிங்' தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். பிழை 5 வந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிழை 1219 வந்தால் 'நெட் யூஸ் * /டெலீட்' கட்டளையால் பழைய இணைப்புகளை அகற்றிவிட்டு, 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திரையில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டையும் நீக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்து மூட வேண்டும்.

பழைய நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11 24எச்2-க்கு மாறியதும் ஃபோல்டர் திறக்காமல் போனால், பெரும்பாலும் அதற்கு விபிஎன் காரணமாக இருக்காது. புரோ பதிப்பில் எஸ்எம்பி கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டு, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவும் மூடப்பட்டது. விண்டோஸில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். அவற்றைப் பின்பற்றாமல், நாஸ் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாஸ்வேர்டுடன் கூடிய கணக்கை உருவாக்குவதே சரி. எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும் எந்தக் குறிப்பையும் ஏற்கக் கூடாது. வானாக்ரை நுழைந்த வாசல் அதுவே.

## ஃபோல்டர் திறக்கிறது, கோப்பு நின்றுவிடுகிறது

கோப்புகளின் பட்டியல் வருகிறது, சின்னக் கோப்பு திறக்கிறது, பெரிய கோப்பை நகலெடுத்தால் பச்சைக் கோடு பாதியில் உறைகிறது. பிழை 64-ம் சில நேரம் வரும். இது பொட்டல அளவுச் சிக்கல். விபிஎன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலுறை போடுகிறது. வயர்கார்டு ஐபிவி4-இல் 60 பைட், ஐபிவி6-இல் 80 பைட் சேர்க்கும். இணைய இணைப்பு யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ வகையாக இருந்தால் அதன் உச்ச அளவு 1500-க்குப் பதில் 1492. ஐபிவி6 வழியாகப் போகும் வயர்கார்டின் வழக்கமான 1420, மேலுறையோடு 1500 ஆகி அந்த வரம்பைத் தாண்டிவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வரம்பு இன்னும் குறையலாம்.

1. 'பிங் -எஃப் -எல் 1392 10.47.18.1' என்று தட்ட வேண்டும். எண்ணோடு 28 சேர்த்தால் பொட்டலத்தின் முழு அளவு, 1392-க்கு 1420.
2. பதில் வரவில்லை என்றால் 1352, 1312, 1252 என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும்.
3. பதில் வந்த மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டி, இரு முனைகளிலும் வயர்கார்டு அமைப்பில் 'எம்டியூ' என்ற வரியில் எழுத வேண்டும்.
4. விபிஎன்னை நிறுத்தித் தொடங்கி, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்க்க வேண்டும்.

அவசரமாக இருந்தால் 1280 என்று வைத்துச் சோதிக்கலாம். அதில் வேலை செய்தால் காரணம் உறுதியாகிவிடும்.

நிற்காமல் மெதுவாக மட்டும் போகிறதென்றால் ஆலையின் அப்லோடு வேகத்தை அளக்க வேண்டும். பாளையங்கோட்டையில் உள்ளவருக்கு வேகமாக வருவதற்கு ஆலை வேகமாக அனுப்ப வேண்டும். வீட்டிலுள்ள 100 எம்பிபிஎஸ் இணைப்பு இங்கே உதவாது.

### டாலி பயன்படுத்துவோர் கவனத்துக்கு

டாலியின் தரவு ஃபோல்டரை விபிஎன் வழியாக நேரடியாகத் திறந்து பதிவு போடும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. டாலி ஒவ்வொரு வவுச்சருக்கும் தரவுக் கோப்புகளைப் பலமுறை படித்து எழுதும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோரிக்கை அம்பாசமுத்திரம் போய்த் திரும்ப வேண்டும். வேகம் குறைவது ஒரு பக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் தரவே பழுதாகும் ஆபத்து உண்டு. விபிஎன்னை இணைத்து, ரிமோட் டெஸ்க்டாப் மூலம் ஆலைக் கணினியிலேயே டாலியைத் திறந்தால் தரவு அங்கிருந்து நகராது. திரையின் படம் மட்டுமே பாளையங்கோட்டைக்கு வரும். அதற்கு டிசிபி 3389 தேவை. 445-க்குச் சொன்ன எல்லா எச்சரிக்கையும் இதற்கும் பொருந்தும்: ஃபயர்வாலில் விபிஎன் வரிசைக்கு மட்டும் அனுமதி, ரவுட்டரில் ஒருபோதும் கூடாது. ஆலைக் கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் இந்த வசதி கிடைக்காது, புரோ வேண்டும்.

## மின்தடைக்கும் மழைக்கும் பிறகு

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் ஃபோல்டர் திறக்கவில்லை என்ற புகார் வந்தால், மேலே சொன்ன சோதனைகளுக்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். சர்வர் கணினி தானாக இயங்கியதா? பயாஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும் அமைப்பு உண்டு. அதை ஒரு முறை அமைத்தால் போதும். கணினி உறக்கநிலைக்குப் போய்விட்டதா? பவர் அமைப்பில் 'ஸ்லீப்' என்பதற்கு 'நெவர்' கொடுக்க வேண்டும். ரவுட்டரின் வெளிமுகவரி மாறியதா? ஸ்டாட்டிக் ஐபி இல்லாத இணைப்பில் இது நடக்கும். மாறும் முகவரியைத் தொடர்ந்து பதிவு செய்யும் டிடிஎன்எஸ் சேவையை ரவுட்டரில் அமைத்து, விபிஎன் அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். சர்வரின் உள்முகவரி மாறியதா? ரிசர்வேஷன் செய்யாத இடங்களில் மாறும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடியில் ரவுட்டர் பழுதாகிப் புதிது வைக்கும்போது ஒரே நேரத்தில் பல கோளாறுகள் சேர்ந்து வரும். உள்வலை 192.168.1 வரிசைக்குத் திரும்பியிருக்கும், போர்ட் ஃபார்வர்டிங் அழிந்திருக்கும், ரிசர்வேஷன் போயிருக்கும், சர்வரின் வலை 'பப்ளிக்' ஆகியிருக்கும். ஒன்றைச் சரிசெய்து சோதித்துப் பார்த்து, பலிக்கவில்லை என்று அதைப் பழையபடி மாற்றிவிட்டால் வேலை முடியவே முடியாது. நான்கையும் சரிசெய்த பிறகே சோதிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகமும் வெள்ளத்தால் சூழப்பட்டன, ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைத்தளத்தில் அலுவலகம் நடத்துவோர் சர்வர், ஃபைபர் பெட்டி, யுபிஎஸ் மூன்றையும் மேசைக்கு அடியில் வைக்கக் கூடாது. இடுப்புக்கு மேல் சுவர்த்தட்டில் வைப்பது குறைந்தபட்சத் தேவை. மாடி இருந்தால் மாடியே சிறந்தது. காப்பு நகல்களில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே விபிஎன் இருப்பதால் இரவில் தானாக நகல் அனுப்பும் ஏற்பாட்டை எளிதில் செய்யலாம்.

எச்சரிக்கை: தண்ணீர் புகுந்த அறையில் மெயின் சுவிட்சை அணைக்காமல் எந்தப் பெட்டியையும் தொடக் கூடாது. கரண்ட் இல்லாத நேரத்திலும் யுபிஎஸ்ஸில் மின்சாரம் இருக்கும். நனைந்த கணினியை "ஓடுகிறதா" என்று இயக்கிப் பார்க்கக் கூடாது. முதலில் டிஸ்கைக் கழற்றி, தரவு மீட்பவரிடம் கொடுக்க வேண்டும்.

## கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால்

ஃபோல்டர் திறந்து, கோப்புப் பெயர்களின் வால் எல்லாம் மாறியிருந்து, பணம் கேட்கும் குறிப்பு ஒன்று கிடந்தால் அது இந்த அத்தியாயத்துப் பழுது அன்று.

1. சர்வரின் நெட்வொர்க் கேபிளை உடனே பிடுங்க வேண்டும். விபிஎன்னை எல்லா முனைகளிலும் நிறுத்த வேண்டும்.
2. காப்பு நகல் உள்ள டிஸ்கை அந்தக் கணினியில் செருகக் கூடாது.
3. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கும் தெரிவிக்க வேண்டும்.
4. விண்டோஸைப் புதிதாக நிறுவி, எல்லாத் திருத்தங்களையும் போட்ட பிறகே காப்பு நகலிலிருந்து கோப்புகளை மீட்க வேண்டும்.

அதே 2022 உத்தரவில் விபிஎன் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உள்ளது. தன் ஊழியர்களுக்காக ஓர் அலுவலகம் அமைத்துக்கொள்ளும் விபிஎன் அந்த விதிக்குள் வராது என்று சர்ட்-இன் பின்னர் விளக்கியிருக்கிறது.

## சரியான பிறகு எழுதி வைக்க வேண்டியவை

பழுது தீர்ந்ததும் சர்வரையும் ரவுட்டரையும் ஒரு முறை அணைத்து இயக்கி, ஃபோல்டர் தானாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்காக மாற்றிய எதுவும் பாக்கி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்: ஃபயர்வால் இயங்குகிறது, ரவுட்டரில் விபிஎன் போர்ட் தவிர வேறு எதுவும் திறந்திருக்கவில்லை. பிறகு உள்வலை வரிசை, விபிஎன் வரிசை, சர்வரின் முகவரி, விபிஎன் போர்ட், எம்டியூ அளவு, ஃபயர்வால் 'ஸ்கோப்' தாவலில் சேர்த்த வரி, ரவுட்டரில் செய்த ரிசர்வேஷன், கடைசியாக மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை ஆலையிலும் மற்றொன்றைக் கணக்காளரிடமும் வைக்க வேண்டும். பாஸ்வேர்டையும் வயர்கார்டின் தனிச் சாவியையும் அந்தத் தாளில் எழுதக் கூடாது.